ஊமைப் பூட்டுக்கு ஒரு தனிக் கட்டுரை

இந்த அறையின் மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும், முனகல் நின்றுவிடும். நேற்றே உங்கள் காவலரிடம் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஒருவன் கையில் பேனாவைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டுத் தலைக்கு மேல் இப்படி ஒன்றைச் சுற்ற விட்டால் அவன் என்னத்தை எழுதுவான், சொல்லுங்கள் ஐயா.

நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நான் சொல்லி இன்னொருவர் எழுதினால் பாதி அவருடையதாகிவிடும். இருபத்திரண்டு வருடமாக நான் ரயில்வேயில் சிக்னல் ஃபிட்டர். பதினோரு வருடமாக, இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்து வைத்திருக்கும் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுதுகிறவன். அங்கே என் புனைபெயர் எண்ணெய்க்குப்பி. இரண்டு வேலைக்கும் தோராயம் ஆகாது. அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

முதலில் பூட்டு. எங்கள் கிளைப்பாதையில் ஏழு ரயில்வே கேட். ஆறு கேட்டில் மின்சாரப் பூட்டு. மணி அடிக்கும், விளக்கு எரியும், நாலு தூறல் விழுந்தால் படுத்துக்கொள்ளும். ஏழாவது கேட்டில் இருந்தது எண்பது வருடத்துப் பழசு. பட்டறை மேஸ்திரி ஒருவர் சொந்த மூளையால் செய்தது. மொத்தமே நான்குதான் செய்தார். மூன்று பழைய இரும்புக்குப் போய்விட்டன. இதற்கு மணியும் இல்லை, விளக்கும் இல்லை. அதனால் லைனில் எல்லோரும் ஊமைப் பூட்டு என்றுதான் சொல்வோம். முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்பு நாக்கு. ஸ்டேஷனில் ரயிலுக்கு சிக்னல் கொடுக்க நெம்புகோலை இழுத்ததும், இரண்டு கிலோமீட்டர் கம்பி இழுபட்டு, இங்கே இந்த நாக்கு கேட் தூணின் பள்ளத்தில் இறங்கி உட்காரும். அது உட்கார்ந்துவிட்டால் பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் கேட் திறக்காது. ரயில் கடந்து, சிக்னலைப் பழையபடி திருப்பினால்தான் நாக்கு மேலே எழும்பும். இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு ஒரு சத்தம் போடாது. மனிதர்களில் அப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்?

ஏழாம் கேட்டில் பத்தொன்பது வருடமாக ஒரே கேட்காரர். அவர் சிக்னலையும் பார்க்க மாட்டார், கடிகாரத்தையும் பார்க்க மாட்டார். ஒரு ரயில் போனதும் கேட்டின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளு. கேட் அசைந்து கொடுத்தால் வேறு ரயில் இல்லை, திறப்பார். கொடுக்காவிட்டால் இன்னொன்று வருகிறது, போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். வியாழக்கிழமை மட்டும், பயணிகள் ரயில் கேட்டைக் கடந்து ஸ்டேஷனுக்குப் போன பன்னிரண்டாவது நிமிடம், அங்கே காத்திருந்த சரக்கு ரயில் எதிர்த்திசையில் கேட்டுக்கு வந்துவிடும். அதற்கென்று யாரும் அவருக்குப் போன் செய்வதில்லை. பூட்டுதான் இருக்கிறதே.

“சிக்னலு பொய் சொல்லும், போன் பொய் சொல்லும். இது சொல்லாது சார்” என்று என்னிடம் கையைத் தூக்கிக் காட்டுவார். அவர் காட்டியது கையை. ஆனால் பெருமை பூட்டுடையது.

இதையெல்லாம் நான் கட்டுரையாக எழுதினேன். ‘ஊமைப் பூட்டு’ என்று தலைப்பு. நான்காயிரம் சொல், என் கையால் வரைந்த ஆறு படம். ‘கேட்காரர்கள் கேட்டைத் தள்ளிப் பார்த்தே ரயில் வருவதை அறிகிறார்கள்’ என்ற வரிக்குப் பக்கத்தில் யாரோ ‘ஆதாரம் தேவை’ என்று குறி போட்டார்கள். பிறகு அடுத்த வரிக்கும் போட்டார்கள். பிறகு கட்டுரையின் தலையிலேயே ஒரு பட்டை கட்டித் தொங்கவிட்டார்கள். மூன்று வருடம் அந்தப் பட்டை தொங்கியது. கலைக்களஞ்சியத்தில் ஒரு விதி உண்டு. ஒரு பொருள் தனிக் கட்டுரைக்குத் தகுதி பெற வேண்டுமென்றால், அதோடு சம்பந்தமில்லாத யாராவது அதைப் பற்றி அச்சில் விரிவாக எழுதியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் அந்த நாக்கைத் துடைத்தவன் கண் ஆதாரம் ஆகாது. நல்ல விதிதான், நானே எத்தனையோ பேர் கட்டுரையை அந்த விதியைக் காட்டித் தூக்கியிருக்கிறேன். ஆனால் சம்பந்தமில்லாதவன் எதற்காக ஓர் இரும்புத் துண்டைப் பற்றி எழுதப் போகிறான்? பழுதே ஆகாத ஒன்றை எந்தப் பத்திரிகை திரும்பிப் பார்க்கும்?

இனி என் மாப்பிள்ளை. தங்கையின் கணவர். ஊர் நூலகத்தில் நூலகர். எனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் இல்லை, அம்மா போன பிறகு தங்கைதான் எல்லாம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தவர், பெண்ணை விட்டுவிட்டு என் மேசைமேல் கிடந்த சிக்னல் வரைபடத்தைக் கையில் எடுத்து, “இது எப்படிங்க வேலை செய்யும்?” என்று கேட்டார். அந்த நிமிடமே எனக்குப் பிடித்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவரும் கலைக்களஞ்சியத்துக்கு வந்தார். அவர் புனைபெயர் அடிக்குறிப்பு. உறவுக்காரர்கள் சேர்ந்துகொண்டு கருத்துப் போடுகிறார்கள் என்று யாரும் பேசக் கூடாது என்பதற்காக, நாங்கள் உறவு என்பதை அங்கே சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் தங்கையும் அவரும் என் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். தங்கை பாத்திரம் கழுவும் நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் சண்டை போடுவோம். உலகத்தில் அந்தப் பூட்டைப் பற்றி நான் பேசினால் கொட்டாவி விடாத ஒரே மனிதர் அவர். நான் அவரை அவ்வளவு நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு, சிரித்து, மறுசோறு வாங்கிச் சாப்பிட்டு, போகும்போது என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவர்கள் போன பிறகுதான் கணினியைத் திறந்தேன். என் கட்டுரையின் தலையில் புதிதாக ஓர் அறிவிப்பு. ‘இந்தத் தலைப்புக்குத் தனிக் கட்டுரை தேவையா? கருத்துத் தெரிவியுங்கள்.’ அதன் கீழே, ‘இணை. சார்பற்ற ஆதாரம் ஒன்றுகூட இப்போதைக்கு இல்லை. ரயில்வே கேட் பற்றிய பொதுக் கட்டுரையில் ஒரு பத்தியாகச் சேர்க்கலாம். இப்படிக்கு அடிக்குறிப்பு.’ தேதியைப் பார்த்தேன். சனிக்கிழமை மாலை. அதாவது போட்டுவிட்டு வந்து, என் எதிரிலேயே உட்கார்ந்து, என் கையால் பரிமாறியதைச் சாப்பிட்டிருக்கிறார். ஒரு வாய்கூடத் தொண்டையில் சிக்கவில்லை அவருக்கு.

எனக்குக் கோபம் வந்தது. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. முகம் தெரியாத எவனாவது போட்டிருந்தால் துடைத்துப் போட்டுவிட்டு வாதாடியிருப்பேன். மறுநாள் வேலை முடிந்ததும் நேராக நூலகத்துக்குப் போனேன். அவர் திரும்பி வந்த புத்தகங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“மாப்ள, நீங்கதான் போட்டீங்களா?”

“ஆமா மச்சான். கோவப்படாதீங்க, உக்காருங்க.”

“உக்கார வரல. எதுக்குப் போட்டீங்க?”

“மூணு வருஷமா பட்டை தொங்குது. வேற எவனாவது வந்து நீக்குன்னு போட்டா ஒரே வாரத்துல சுத்தமா தொடைச்சிடுவாங்க. இணைன்னா பழசெல்லாம் உள்ள பத்திரமா இருக்கும். நாளைக்கு ஆதாரம் கெடைச்சா மறுபடி பிரிச்சிக்கலாம்.”

“நாளைக்கு எங்கேருந்து கெடைக்கும்?”

அவர் சிரித்தார். “கெடைக்கும் மச்சான். பொறுங்க.”

அந்தச் சிரிப்பை நான் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தேன். முதுகில் குத்துகிறவன் குத்திவிட்டு அழுதால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இவர் சிரித்தார்.

விவாதம் ஏழு நாள் நடந்தது. ‘ஒரே ஒரு கேட்டில் இருக்கும் பூட்டுக்குத் தனிக் கட்டுரையா? அப்படியானால் என் வீட்டுத் தாழ்ப்பாளுக்கும் ஒன்று எழுதுங்கள்’ என்று ஒருவர் போட்டார். அதற்கு நாலு பேர் சிரித்தார்கள். இணை என்று நான்கு கருத்து, நீக்கு என்று ஒன்று, வைத்திரு என்று ஒன்று. அந்த ஒன்று நான். நடுவராக இருந்தவர் நியாயமானவர், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ‘முடிவு: இணை. ஆனால் எண்ணெய்க்குப்பி கேட்டுக்கொண்டதால் முப்பது நாள் அவகாசம். அதற்குள் இரண்டு சார்பற்ற ஆதாரம் காட்டினால் கட்டுரை நிற்கும்’ என்று எழுதினார்.

நான் சும்மா இருக்கவில்லை. ஐந்து பத்திரிகைகளுக்குக் கடிதம் போட்டேன். நான்கு பேர் வாயே திறக்கவில்லை. ஐந்தாவது பத்திரிகையின் நிருபர் மட்டும் போனில் கூப்பிட்டார்.

“சார், உங்க லெட்டர் பாத்தேன். இதுல நியூஸ் என்ன சார்? அந்தப் பூட்டு என்ன பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணல. எண்பது வருஷமா ஒழுங்கா வேலை செய்யுது.”

“அப்போ ஏதாவது ஆச்சுன்னா சொல்லுங்க சார்.”

அவர் மரியாதையாகத்தான் பேசினார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. போனை வைத்தேன். பிறகு எழுந்து துணி துவைக்கப் போனேன்.

இருபத்து மூன்றாவது நாள் ஒரு வியாழக்கிழமை. காலை எட்டரை மணிக்கு ஏழாம் கேட்டுக்குப் போனேன். வழக்கமாக எண்ணெய் விடுகிற நாள் சனிக்கிழமை.

“என்ன சார், இன்னைக்கே எண்ணெயா?” என்றார் கேட்காரர்.

“ஆமா” என்றேன். அது பொய் இல்லை, எண்ணெயும் விட்டேன். மூடியைத் திறந்து, இரண்டு திருகாணியைக் கழற்றி, நாக்கை வெளியே எடுத்து, துணியில் சுற்றிப் பையில் வைத்தேன். மூடியைப் போட்டேன். அவர் அப்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

நான் எதிர்பார்த்தது மிகச் சிறிய விஷயம் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு தள்ளுவண்டியின் சக்கரம், ஒரு சைக்கிளின் பின்பக்கம், ஏதோ ஒன்று. பத்திரிகையில் ஒரு மூலையில் பத்து வரி. பூட்டு எப்படி வேலை செய்யும், இத்தனை வருடம் எப்படிக் காப்பாற்றியது, ஒரு நாள் அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று யாராவது விசாரித்து எழுதுவார்கள். இரண்டு பத்திரிகை எழுதினால் எண்ணிக்கை சரி. அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நான் திரும்பி வந்து ஸ்டேஷன் பக்கத்தில் எங்கள் கொட்டகையில் ஒரு கொக்கிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தேன். பத்து நாற்பதுக்குப் பயணிகள் ரயில் கேட்டைக் கடந்தது. கேட்காரர் உள்ளங்கையை வைத்துத் தள்ளியிருக்கிறார். கேட் கொடுத்தது. திறந்தார். இரண்டு பக்கமும் காத்திருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். அதன் பிறகும் கேட் திறந்தே கிடந்தது, ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். பத்து ஐம்பத்திரண்டுக்குச் சரக்கு ரயிலின் ஊதல் நிற்காமல் கேட்டது. நான் அரத்தைக் கீழே வைத்தேன்.

மூன்று பேர். காய்கறி வேனை ஓட்டியவர், குடையோடு நடந்துபோன தையல்காரம்மா, மாப்பிள்ளை. முதல் நாள் பத்திரிகைகள் ஐந்து பேர் என்று எழுதின. அன்று மாலையே கலைக்களஞ்சியத்தில் அந்த விபத்துக்கென்று யாரோ கட்டுரை தொடங்கி அதிலும் ஐந்து என்று போட்டிருந்தார்கள். மருத்துவமனையின் அறிவிப்பை ஆதாரம் காட்டி நான்தான் மூன்று என்று திருத்தினேன். மாப்பிள்ளை அந்த நேரத்துக்கு அங்கே இருந்தது தற்செயல். தானாகவே வந்திருக்கிறார்.

நான் முதல் ஆளாக ஓடினேன் என்று உங்கள் கோப்பில் இருக்கும். உண்மைதான். வேன் கேட் தூணையும் பூட்டுப் பெட்டியையும் சேர்த்து முப்பது அடி இழுத்துக்கொண்டு போயிருந்தது. பெட்டி அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. கேட்காரர் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்று தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட் குடுத்துச்சு சார். சத்தியமா குடுத்துச்சு” என்றார்.

“தெரியும்” என்றேன். அன்று அவரிடம் அனுதாபமாகப் பேசிய ஒரே ஆள் நான்தான். அவரை அன்றைக்கே கைது செய்தீர்கள். ஆறு வாரமாக உள்ளே இருக்கிறார். நல்ல மனிதர், அவரை விட்டுவிடலாம்.

இங்கே ஒரு திருத்தம். மேலே மாப்பிள்ளை தானாகவே வந்ததாக எழுதியிருக்கிறேன். அது சரியல்ல. நான்தான் கூப்பிட்டேன். மேலே இருப்பதை அடிக்காமல் விட்டிருக்கிறேன். கலைக்களஞ்சியத்தில் பழைய வடிவத்தை அழிக்க மாட்டோம், தவறும் இருக்கும், திருத்தமும் இருக்கும், படிக்கிறவர் இரண்டையும் பார்த்துக்கொள்வார். புதன்கிழமை மாலை போன் செய்தேன். “நாளைக்கு வாங்க மாப்ள. ஒன்பது வருஷமா பேசறோம், ஒரு தடவைகூட அதை வேலை செய்யும்போது நீங்க நேர்ல பாத்ததில்ல. பத்து அம்பதுக்கு நில்லுங்க, நாக்கு எறங்கி உக்காந்திருக்கும்” என்றேன். அவருக்குக் குரலே மாறிவிட்டது. “நெசமாவா மச்சான்? கோவம் போயிடுச்சா?” என்றார். போய்விட்டது என்று சொன்னேன். தூணின் உள்பக்கம், தண்டவாளப் பக்கமாக நின்றால்தான் பள்ளம் தெரியும் என்றும் சொன்னேன். அது உண்மை. வெளியிலிருந்து பார்த்தால் மூடிதான் தெரியும்.

அவரைக் கொல்லக் கூப்பிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் நேரம் சொன்னேன், நிற்கும் இடம் சொன்னேன். நேரம் ரயில்வே அட்டவணையிலேயே இருக்கிறது. ஆதாரம் இல்லை, ஆதாரம் இல்லை என்று சொன்னவர், ஆதாரம் எப்படி உண்டாகிறது என்பதைக் கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

பதினாறாம் நாள் காரியங்களெல்லாம் முடிந்த பிறகு, தங்கை ஒரு பையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்த அவருடைய பை. உள்ளே ஒரு கேமராவும் ஒரு கட்டுத் தாளும் இருந்தன. தாள்களில் ஓரத்தில் மட்டும் காய்ந்த கறை.

“இது என்னன்னு பாருண்ணா. ஆறு மாசமா நைட்டெல்லாம் உக்காந்து எழுதுனாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்குனாரு. அச்சுல வந்தப்புறம் அண்ணன் மேசையில கொண்டுபோய் வெக்கணும்னாரு.”

பதினான்கு பக்கம். பொறியியல் வரலாற்று இதழ் ஒன்று அச்சுக்கு முன் திருத்தம் பார்க்க அனுப்பிய படி. தலைப்பு, ‘ஊமைப் பூட்டு: ஒரு பட்டறை மேஸ்திரியின் கண்டுபிடிப்பு’. பழைய பட்டறைப் பதிவேடுகளைத் தேடிப் பிடித்திருக்கிறார். எனக்கே தெரியாமல் இருந்த மேஸ்திரியின் பிறந்த ஆண்டு அதில் இருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில், கேட் திறந்திருந்தால் ரயில் வராது, இந்தப் பூட்டு இருக்கும் வரை அதை உயிரை வைத்து நம்பலாம் என்று எழுதியிருக்கிறார். கடைசியில் ஒரு நன்றி. ‘இந்தப் பூட்டை இருபத்திரண்டு ஆண்டுகளாக உயிரோடு வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணனுக்கு.’ கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக இதழ் அனுப்பிய கடிதத்தின் தேதி, அவர் என் கட்டுரைக்கு அறிவிப்பு வைத்ததற்கு இரண்டு வாரம் முன்னால். எட்டாம் பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம். ‘படம் 3: நாக்கு பள்ளத்தில் இறங்கிய நிலை. எடுக்க வேண்டும்.’

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நன்றாக எழுதியிருந்தார். ஆனால் ஐயா, இதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். உறவுக்காரர் எழுதியது சார்பற்ற ஆதாரம் ஆகாது. நன்றியில் என்னைப் பற்றி வேறு எழுதி வைத்திருக்கிறார். நடுவர் ஒரே பார்வையில் தள்ளியிருப்பார். ஆக, அந்தப் பதினான்கு பக்கம் முன்பே வந்திருந்தாலும் நான் வேறு வழி பார்க்க வேண்டியிருந்திருக்கும். தங்கையிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று அப்போது அவளுக்கு விளங்கவில்லை.

பிறகு கேமராவை எடுத்து ஆன் செய்தாள். அதை அதுவரை யாரும் திறந்து பார்த்திருக்கவில்லை. கடைசிப் படம் பத்து ஐம்பத்தொன்றுக்கு எடுத்தது. மூடியைத் தூக்கிவிட்டு, பள்ளத்துக்கு நேராக வைத்து எடுத்திருக்கிறார். துல்லியமான படம். தங்கை படத்தைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். எட்டாம் பக்கத்தில் நாக்கு எப்படி இருக்கும் என்று அவர் எழுதியிருந்ததை விரலால் தொட்டுக்கொண்டே படித்தாள்.

“இதுல நாக்கு எங்கண்ணா?”

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். நாக்கு இருக்க வேண்டிய இடம் காலி. ஆனால் அதைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணியும் அதனதன் துளையில் இறுக்கமாக மாட்டியிருந்தன.

“ஒரு சாமானைக் கழட்டுனா, ஆணி தொலையக் கூடாதுன்னு அதே ஓட்டையில திருப்பி மாட்டி வெக்கிறது நீ மட்டும்தான். அம்மாவோட தையல் மிஷினைக் கழட்டுனப்பவும் அப்படித்தான் வெச்ச.”

தாள்களையும் கேமராவையும் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். செருப்பைக்கூட மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு போனாள். அதன் பிறகு அவள் என் போனை எடுப்பதில்லை. கூடப் பிறந்தவள். சிறு வயதில் அவள் பள்ளிக்கூடப் பையை நான்தான் தூக்கிக்கொண்டு போவேன். ஒரு வார்த்தை விளக்கம் கேட்டிருக்கலாம். மாப்பிள்ளை செய்ததைவிட இதுதான் எனக்குப் பெரிய அடி.

ஆனால் நான் இங்கே வந்ததற்குக் காரணம் தங்கை அல்ல. அவள் உங்களிடம் வரவும் இல்லை, வந்திருந்தால் நீங்கள் என்னிடம் வந்திருப்பீர்கள். காரணம், போன வாரம் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை. முப்பத்தொன்றாம் பக்கத்தைப் பாருங்கள். ‘பழமையான பூட்டின் நாக்கு தேய்மானத்தால் கழன்று விழுந்து தொலைந்திருக்க வேண்டும். இவ்வகைப் பூட்டு வடிவமைப்பிலேயே குறைபாடுடையது.’ மூன்று பொறியாளர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மூன்று பேரில் ஒருவர்கூட அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. எண்பது வருடம் வாய் திறக்காமல் உழைத்த ஒன்றின்மேல் இப்படி ஓர் அபாண்டம்.

உங்கள் மேசைமேல் நான் வைத்த துணிப் பொட்டலத்தில் இருப்பது அந்த நாக்கு. அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். அரை மில்லிமீட்டர்கூடத் தேயவில்லை. பூட்டு தவறு செய்யவில்லை. நாக்கைக் கழற்றியவன் நான், கேட்காரரிடம் சொல்லாமல் விட்டவன் நான், மாப்பிள்ளையை அந்த நேரத்துக்கு அந்த இடத்தில் நிற்க வைத்தவனும் நான். இதை எந்த இடத்தில் கேட்டாலும் இப்படியே சொல்வேன்.

கலைக்களஞ்சியத்தில் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். விபத்துக் கட்டுரை நாற்பத்தொரு ஆதாரத்தோடு நிற்கிறது. யாரும் எதிர்க்கவில்லை. கேட்டைத் தள்ளிப் பார்க்கும் வழக்கத்துக்கும் இப்போது ஆதாரம் உண்டு, அறிக்கையின் பத்தொன்பதாம் பக்கம். ஆனால் முப்பதாவது நாள் முடிந்ததும் ‘ஊமைப் பூட்டு’ கட்டுரையை எடுத்து அந்த விபத்துக் கட்டுரைக்குள் ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டார்கள். பத்திரிகைகள் எழுதியதெல்லாம் விபத்தைப் பற்றித்தானாம், பூட்டைப் பற்றி அல்லவாம். கடைசியில் மாப்பிள்ளை போட்ட கருத்துதான் ஜெயித்தது.

இனி வழக்கு நடக்கும், தீர்ப்பு வரும். பூட்டு எப்படி வேலை செய்தது, ஏன் அன்று மட்டும் வேலை செய்யவில்லை என்று நீதிபதி விரிவாக எழுதியாக வேண்டும். அவர் எனக்கு எந்த வகையிலும் உறவில்லை. அதை யாரும் மறுக்க முடியாது. தனிக் கட்டுரைக்கு அது ஓர் ஆதாரம். இன்னொன்று அந்த இதழ், அவர்கள் மாப்பிள்ளையின் கட்டுரையை வெளியிடுவதாகத்தான் இருக்கிறார்கள். எழுதியவர் உயிரோடு இல்லாதபோது உறவு என்ற ஆட்சேபம் அவ்வளவாக நிற்காது என்று நினைக்கிறேன்.

குறை என்று பார்த்தால் படம் ஒன்றுதான். உலகத்தில் அந்தப் பள்ளத்தை உள்ளிருந்து காட்டும் படம் மாப்பிள்ளை எடுத்த அந்த ஒன்றுதான் இருக்கிறது. எடுத்தவர் இல்லாததால் அதன் உரிமை தங்கைக்குப் போகிறது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தாளை நானே எழுதி இரண்டு தடவை தபாலில் அனுப்பினேன், இரண்டும் பிரிக்காமல் திரும்பி வந்துவிட்டன. மூன்றாவதை இதோடு இணைத்திருக்கிறேன். நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தால் போட்டுவிடுவாள், அவள் நல்ல பெண்.